அந்த ஐந்து பேருக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் கதையான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 79 பகுதிகளோடு 1969 ஜூனில் முடிந்துபோன ஒரு தொடரை மறக்காமல் இவ்வளவு இடம் கொடுத்ததற்கு முதலில் என் நன்றி. எழுதியவர் தொடரை மனமொன்றிப் பார்த்தவர் என்பது வரிக்கு வரி தெரிந்தது. கப்பலில் இருக்கும் வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக்கின் கூர்க்காதுகளைப் பார்த்து, சாத்தான் மாதிரி இருக்கிறதே என்று என்.பி.சி. பயந்துபோய், விளம்பரப் பிரசுரத்தில் அந்தக் காதுகளை உருண்டையாக மாற்றி அச்சடித்த கதையை அவர் சொல்லியிருந்த விதம் அருமை.

ஆனால் படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. “கேப்டன் கிர்க், ஸ்பாக் மற்றும் பலர்.” படத்தில் இருந்தது ஏழு பேர். இரண்டு பேருக்குப் பெயர் இருக்கிறது, ஐந்து பேர் ‘பலர்’ ஆகிவிட்டார்கள். கட்டுரைக்குள்ளாவது அவர்கள் வருவார்கள் என்று கடைசி வரி வரை தேடினேன். வரவில்லை.

டிஃபாரஸ்ட் கெல்லி, ஜேம்ஸ் டூஹன், நிஷெல் நிக்கோல்ஸ், ஜார்ஜ் டாகே, வால்டர் கோனிக். அதே வரிசையில் அவர்கள் நடித்த பாத்திரங்கள்: டாக்டர் மெக்காய், எஞ்சினியர் ஸ்காட்டி, தகவல் தொடர்பு அதிகாரி உஹூரா, கப்பலைச் செலுத்தும் சுலு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரஷ்ய இளைஞர் செக்கோவ்.

உங்கள் நாளிதழை மட்டும் குறை சொல்ல முடியாது. தொடரே அவர்களை அப்படித்தான் நடத்தியது. முதல் சீசனின் தொடக்க டைட்டிலில் வரும் நடிகர்கள் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரும் ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமோயும் மட்டும்தான். இரண்டாவது சீசனில் கெல்லியின் பெயர் சேர்ந்தது. மற்ற நால்வரின் பெயர்கள் தொடர் நிற்கும் வரை பகுதியின் கடைசியில், இசை ஒலிக்க ஓடி மறையும் பட்டியலில்தான் இருந்தன. இவ்வளவு காலம் கழித்து எழுதும் நாமும் அதே பட்டியலைப் பின்பற்ற வேண்டுமா என்பதுதான் என் ஆதங்கம்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொடரை முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியில். உஹூராவின் உடை சிவப்பு என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஆனால் அவர் செய்தது என்ன வேலை என்பது பார்த்த நிமிடமே தெரிந்துவிட்டது. லைனில் குரல் தேய்ந்து தேய்ந்து வரும்போது ஆபரேட்டரின் கண் திறந்தே இருக்கும், ஆனால் பார்வை எதிலும் நிற்காது. கை தன்னையறியாமல் காதுக்குப் போகும். தலை ஒரு பக்கம் லேசாகச் சாயும். பக்கத்தில் யார் வந்து நின்றாலும் உடனே திரும்பமாட்டாள், ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள். நிக்கோல்ஸ் அந்த வெள்ளிநிறக் காதுக்கருவியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். கேப்டன் பேசிக்கொண்டிருப்பார், கேமரா அவர் மேல்தான் இருக்கும். பின்னால் உஹூரா எங்கோ தொலைவிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வசனம் இல்லாத நேரத்திலும் அவர் சும்மா இருந்ததில்லை.

இரண்டாவது சீசனில் ஒரு பகுதி. கிரேக்கத் தெய்வம் அப்பல்லோ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவன் கப்பலைப் பிடித்து நிறுத்திவிடுவான். தொடர்பு அறுந்துபோயிருக்கும். உஹூரா தன் மேசையின் அடிப்பலகையைத் திறந்து, கையில் கருவியோடு உள்ளே இருக்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார். இந்த மாதிரி வேலை பார்த்து வெகுநாளாயிற்று, ரொம்ப நுட்பமான வேலை என்பார். ஸ்பாக் எட்டிப் பார்த்து, இதற்கு உங்களைவிடத் தகுந்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை, தொடருங்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஸ்பாக்குக்கு முகஸ்துதி செய்யத் தெரியாது. அவர் சொன்னால் அது அளந்து சொன்னதுதான். போர்டின் முன்னால் உட்கார்ந்து பேசுபவள் என்றுதான் ஆபரேட்டரை எல்லோரும் நினைப்பார்கள். போர்டின் பின்பக்கமும் அவளுக்குத் தெரியும் என்று காட்டிய ஒரே காட்சி என் வாழ்நாளில் நான் பார்த்தது அதுதான்.

அப்படிப்பட்டவருக்கு எழுதிக் கொடுத்த வசனங்கள் படப்பிடிப்புக்கு வருவதற்குள் வெட்டப்பட்டுவிடும். மிஞ்சுவது “ஹெய்லிங் ஃப்ரீக்வென்சீஸ் ஓப்பன்”, அதாவது தொடர்பு அலைவரிசைகள் திறந்தாயிற்று, என்ற ஒரே வரி. ரசிகர்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்டுடியோவில் தன் கைக்கு வராமல் தடுக்கப்பட்டன என்று அவர் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரிக்கு வந்த தபாலே அவருக்குப் போய்ச் சேரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

முதல் சீசன் முடிந்ததும் விலகிவிடுகிறேன் என்று அவர் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் சொல்லிவிட்டார். மேடைப் பாடகியாகவே போய்விடலாம் என்று நினைத்தார். அந்த வாரக் கடைசியில் ஒரு விழாவில், உங்கள் பெரிய ரசிகர் ஒருவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல்லி யாரையோ அழைத்து வந்தார்கள். வந்தவர் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங். நீங்கள் விலகக் கூடாது, கறுப்பினத்தவரான நம்மை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி இப்போதுதான் முதல்முறையாக ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று அவர் சொன்னதாக நிக்கோல்ஸ் கடைசி வரை மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போய் விலகலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1977-இல் நாசா புதிய விண்வெளி வீரர்களைத் தேடியபோது பெண்களும் கறுப்பினத்தவரும் விண்ணப்பிக்கவே தயங்கினார்கள். நமக்கு எங்கே கொடுக்கப் போகிறார்கள் என்ற எண்ணம். அவர்களைக் கூப்பிட நாசா நிக்கோல்ஸை நியமித்தது. நாடு முழுக்கப் பயணம் செய்து கல்லூரிகளிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். 1978-இல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள், மூன்று பேர் கறுப்பினத்தவர். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடும், முதல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் கையன் புளுஃபோர்டும் அந்த அணிதான். 1986-இல் சேலஞ்சர் விபத்தில் இறந்த ஜூடித் ரெஸ்னிக்கும் ரொனால்ட் மெக்நேரும் அதே அணிதான். 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், சிறுமியாக உஹூராவைப் பார்த்து வளர்ந்தவர். விண்கலத்தில் தன் பணி நேரத்தைத் தொடங்கும்போதெல்லாம் அவர் சொன்னது, வெட்டி வெட்டி மிஞ்சிய அந்த ஒரே வரியைத்தான். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய டைட்டில் கார்டு யார் போட முடியும்?

டூஹனைப் பற்றி எழுதாமல் விடுவது அதைவிட அநியாயம். ஸ்காட்டி என்றதும் ஸ்காட்லாந்துக்காரர் என்று நினைத்துக்கொள்வோம். அவர் கனடாவின் வான்கூவரில் பிறந்தவர். எஞ்சினியருக்கு எந்த நாட்டு உச்சரிப்பு பொருந்தும் என்று ராடன்பெரி கேட்டபோது பலவிதமாகப் பேசிக் காட்டிவிட்டு, எஞ்சினியர் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்தான் சரி என்று அவரே தேர்ந்தெடுத்தார். அதற்கெல்லாம் முன்னால், இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, கனடா நாட்டுப் படையின் பீரங்கிப் பிரிவு அதிகாரியாக பிரான்சில் நார்மண்டியின் ஜூனோ கடற்கரையில் இறங்கியவர் அவர். அன்றிரவு பதற்றத்தில் இருந்த சொந்தப் படைக் காவலாளி ஒருவரின் துப்பாக்கியிலிருந்து ஆறு குண்டுகள் அவர் மேல் பாய்ந்தன. நான்கு காலில். நெஞ்சுக்கு வந்த ஒன்றைச் சட்டைப் பையில் இருந்த வெள்ளி சிகரெட் பெட்டி தடுத்தது. இன்னொன்று வலது கையின் நடுவிரலைக் கொண்டுபோய்விட்டது.

திரையில் அந்தக் கையை அவர் மறைத்தே நடித்தார். கருவிகளை இயக்கும் கையை நெருக்கத்தில் காட்ட வேண்டுமென்றால் வேறொருவரின் கையைப் படம் பிடிப்பார்கள். கப்பல் முழுக்க ட்ரிபிள் என்ற உரோம உருண்டைகள் பெருகிப்போகும் அந்தப் பிரபலமான பகுதியில், இரண்டு கையும் கொள்ளாமல் அவற்றை அள்ளிக்கொண்டு ஸ்காட்டி உள்ளே வருவார். எல்லோரும் அந்த உருண்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். வலது கையைப் பாருங்கள். விரல் இல்லாத இடம் தெரியும். எனக்கு அது தெரிந்த நாளிலிருந்து அந்தக் காட்சியில் சிரிப்பு வருவதில்லை, அந்த மனிதர் மேல் மரியாதைதான் வருகிறது.

ஒருமுறை ஒரு பெண் ரசிகையிடமிருந்து டூஹனுக்குக் கடிதம் வந்தது. படித்தால் அது தற்கொலைக் குறிப்பு. அவர் உடனே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, இன்ன ஊரில் ரசிகர் மாநாட்டுக்கு வருகிறேன், நீ அங்கே வந்து என்னைப் பார் என்றார். வந்தாள். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பேச்சே இல்லை. சில வருடங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது, எலக்ட்ரானிக் எஞ்சினியரிங்கில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டேன், நன்றி என்று. தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் இதுதான் என்று டூஹன் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். 2004-இல், நோய் முற்றி அவர் விடைபெற்ற ரசிகர் கூட்டத்துக்கு நீல் ஆம்ஸ்ட்ராங் வந்து, ஒரு பழைய எஞ்சினியர் இன்னொரு பழைய எஞ்சினியருக்குச் சொல்வது என்று நன்றி சொன்னார். நிலவில் முதலில் நடந்தவர், கதையில் வரும் கப்பலின் எஞ்சினியருக்கு. அடுத்த ஆண்டு ஜூலையில் டூஹன் காலமானார்.

ஜார்ஜ் டாகேயின் கதை இன்று ஓரளவு தெரிந்ததுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அமெரிக்கர். ஜப்பானோடு அமெரிக்கா போரில் இருந்த 1942-இல், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, ஐந்து வயதில், குடும்பத்தோடு தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். முதலில் குதிரைப் பந்தய மைதானத்தின் லாயம், பிறகு ஆர்கன்சாவில் ரோவர் முகாம், பிறகு கலிபோர்னியாவில் டூலி லேக். ஜன்னலுக்கு வெளியே முள்கம்பி தெரிய, வகுப்பில் தினமும் நாட்டுக் கொடிக்கு உறுதிமொழி எடுத்ததை அவர் இன்றைய தலைமுறைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து, போர் முடிந்து 21 ஆண்டுகளில், பூமி முழுவதையும் பிரதிநிதித்துவப்படுத்தும் கப்பலின் சுக்கானைப் பிடித்தான். கோனிக் 1967-இல் வந்து சேர்ந்தவர். சோவியத் யூனியனும் அமெரிக்காவும் முறைத்துக்கொண்டிருந்த நாளில் ரஷ்ய இளைஞன் ஒருவனை அமெரிக்கர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்து, அவர்களுக்கு அவனைப் பிடிக்கவும் வைத்தவர்.

கெல்லி அதிகம் பேசாத மனிதர். பல வருடம் கௌபாய் படங்களில் வில்லனாக நடித்துக்கொண்டிருந்தவர். இவ்வளவு கனிவான முகத்தை வைத்துக்கொண்டு எப்படி வில்லனாக நடித்தாரோ தெரியவில்லை. தொடரில் ஸ்பாக்கோடு அவர் போடும் சண்டைதான் எனக்கு உயிர். அறிவு ஒன்று சொல்லும், மனசு ஒன்று சொல்லும், கேப்டன் நடுவில் நிற்பார். ஸ்பாக் பேசும்போது ரசிக்கிறோமே, அந்த ரசனையில் பாதி மெக்காயின் முகத்தைப் பார்த்து வருவது. புருவம் உயர்த்த ஒருவர் வேண்டுமென்றால், எரிந்து விழ இன்னொருவர் வேண்டும். மெக்காயைப் பார்த்து மருத்துவம் படிக்கப் போனோம் என்று எழுதியவர்களைப் பற்றித்தான் கெல்லி எப்போதும் பெருமையாகச் சொல்வார்.

இவர்களை முதலில் மதித்தவர் நிமோய். கட்டுரையில் ஸ்பாக்குக்கு அத்தனை பத்தி கொடுத்திருக்கிறீர்கள், இதையும் சேர்த்திருக்கலாம். 1973-இல் தொடர் கார்ட்டூனாக வந்தபோது செலவைக் குறைக்க நிக்கோல்ஸையும் டாகேயையும் விட்டுவிட்டு அவர்கள் பாத்திரங்களுக்கு வேறு குரல் கொடுக்க நினைத்தார்கள். அவர்கள் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று நிமோய் நின்றார். இருவரும் உள்ளே வந்தார்கள். கோனிக்கைத்தான் சேர்க்கவில்லை, அவரிடம் ஒரு பகுதிக்குக் கதை வாங்கிக்கொண்டார்கள். நிக்கோல்ஸுக்குச் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும் நிமோய் நிர்வாகத்திடம் போய்ப் பேசியதையும் கோனிக் சொல்லியிருக்கிறார். ஷாட்னரைப் பற்றி மற்றவர்களுக்கு மனக்குறை இருந்தது ஊரறிந்த விஷயம். தன் நினைவுகளைப் புத்தகமாக்கப் பழைய நண்பர்களைப் பேட்டி எடுக்கப் போனபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. நிக்கோல்ஸ் முகத்துக்கு நேராகச் சொன்னார். டூஹன் பேட்டியே கொடுக்கவில்லை. இதையெல்லாம் மறைக்காமல் ஷாட்னர் புத்தகத்தில் எழுதினார் என்பதால் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கிர்க்காக அவர் நடித்தது வேறு யாராலும் முடியாதது. அவர் புகழைக் குறைத்து மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

ரசிகர்கள் இந்த விஷயத்தில் ஸ்டுடியோவைவிடத் தெளிவாக இருந்தார்கள். 1967 கடைசியில் தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் பீஜோ ட்ரிம்பிள் என்ற ரசிகையும் அவர் கணவர் ஜானும் கடித இயக்கத்தைத் தொடங்கினார்கள். கையால் எழுதுங்கள், ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எழுதுங்கள், நகலெடுத்து அனுப்பாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1968 மார்ச் 1 அன்று பகுதி முடிந்ததும், தொடர் தொடரும் என்று என்.பி.சி. திரையிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்படிக் கிடைத்த மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளி, யாரும் பார்க்க முடியாமல் செய்தது வேறு கதை. தொடர் நின்ற பிறகு, 1972 ஜனவரியில் நியூயார்க்கில் முதல் பெரிய ரசிகர் மாநாடு நடந்தது. சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் மூவாயிரத்துக்கு மேல் வந்தார்கள். அதன் பிறகு மாநாட்டு மேடைகளில் ஏழு பேருக்கும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டைட்டிலில் யார் பெயர் எங்கே வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. 2024 ஜனவரி 8 அன்று, கெல்லி, டூஹன், நிக்கோல்ஸ் ஆகியோரின் உடல் எச்சங்களை ராடன்பெரி தம்பதியின் அஸ்தியோடு சேர்த்து விண்வெளிக்குக் கொண்டுபோன ராக்கெட்டின் பெயர் வல்கன். ஸ்பாக்கின் சொந்தக் கிரகத்தின் பெயர்.

என் வேண்டுகோள் சிறியது. நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு வேறு பெயர் வைக்க இருந்தார்கள். ரசிகர்கள் அதற்கும் கடிதம் எழுதி எண்டர்பிரைஸ் என்று பெயர் வாங்கினார்கள். 1976 செப்டம்பர் 17 அன்று கலிபோர்னியாவின் பாம்டேலில் அதை வெளியே கொண்டுவந்த விழாவில் நாசா எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. விண்ணோடத்தின் முன்னால் கெல்லி, டாகே, டூஹன், நிக்கோல்ஸ், நிமோய், ராடன்பெரி, கோனிக் எல்லோரும் நிற்கிறார்கள். அன்று ஷாட்னர் வரவில்லை. உங்கள் படக்குறிப்பில் ‘பலர்’ ஆன ஐந்து பேரும் அதில் இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தப் படத்தைப் போட்டு, கீழே இடமிருந்து வலமாக எல்லாப் பெயரையும் போடுங்கள். இடம் பற்றாவிட்டால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த ஐந்து பெயரைத் தவிர.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்